கிடைத்த வேலையைக் கெடுத்துத் தரக் கோரி

மதிப்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் மாஸ்க்குக்குப் பின்னால் நலமாக இருக்கிறோம். தாங்களும் அண்ணியாரும் கதவைச் சாத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச வேண்டிய விஷயத்தைக் கடிதத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். இரண்டே அறை உள்ள வீட்டில் மூன்று பேரும் ஒரு வருஷமாக அடைந்து கிடக்கிறோம், நான் தும்மினாலே ஏன் தும்மினேன் என்று விசாரணை நடக்கிறது, இதில் ரகசியம் எங்கே பேசுவது? தவிர, முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத் தபால் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுக்கு எழுத்தில் இருந்தால்தான் எதுவும் நடந்த மாதிரி தோன்றும்.

முதலில் பழைய கதை. பெண்ணை எதில் சேர்ப்பது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, நீங்கள்தான் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளே, மனுஷன் சாப்பிடாம இருப்பானா, தூங்காம இருப்பானா? ஓட்டல் நிர்வாகம் படிக்க வைங்க, அதுக்கு அழிவே கிடையாது" என்று அருளினீர்கள். மனுஷன் இன்றைக்கும் சாப்பிடுகிறான், தூங்குகிறான், ஆனால் எல்லாவற்றையும் அவனவன் வீட்டிலேயே செய்துகொள்கிறான். கடைசி வருஷத் தேர்வு அறிவித்த அதே வாரத்தில் உலகத்தில் இருக்கிற ஓட்டலையெல்லாம் பூட்டினார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் தங்கையை வைத்துக்கொண்டு உங்களைக் குறை சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.

செய்முறைத் தேர்வு போனிலேயே நடந்தது. நான்கு நிமிஷத்தில் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டும், வீட்டில் இருப்பது ஒரே கட்டில், அது என்னுடையது, அதற்கு ஒரு கால் செங்கல். பெண் போனைத் துணி காயப்போடும் கம்பியில் கட்டிவிட்டு விரிப்பை உதறியபோது செங்கல் நகர்ந்து கட்டில் ஒரு பக்கம் படுத்தது. நான் பதறி ஓடிப் போய்த் தாங்கிப் பிடித்தேன். தேர்வாளர் அம்மா அந்தப் பக்கமிருந்து, "ஏம்மா, நட்சத்திர ஓட்டல் ரூம்ல பனியனோட நிக்கிறது யாரு?" என்று கேட்க, இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "பராமரிப்புப் பிரிவு, மேடம்" என்றாள். முழு மதிப்பெண். பெற்ற தகப்பனைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டாளே என்று எனக்கு ஒரு நாள் முழுக்க வருத்தம். அடுத்தது, மாஸ்க் போட்டிருந்தாலும் சிரிப்பது விருந்தாளிக்குக் கண்ணிலேயே தெரிய வேண்டுமாம். ஒரு வாரம் அவள் கண்ணாடி முன்னால் கண்ணாலேயே சிரித்துப் பழகினாள். உங்கள் தங்கை அதைக் கண்வலி என்று நினைத்து இரண்டு வேளையும் சொட்டு மருந்து விட்டாள்.

பட்டம் மின்னஞ்சலில் வந்தது. அதன் பிறகு எத்தனை விண்ணப்பம் போட்டாள் என்பதற்குக் கணக்கில்லை. ஒருவர் இரண்டு வருஷ அனுபவம் கேட்டார். ஓட்டலே திறக்காத காலத்தில் அனுபவத்தை எங்கே போய் வாங்குவது? கடைசியில் ஒரு பெரிய கம்பெனியின் மனிதவள அதிகாரி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றார். பெண் அதை நம்பவில்லை. நான் நம்பினேன். எங்கள் அலுவலகத்தில் மூன்றாவது நினைவூட்டல் வராமல் எந்தக் கோப்பும் மேசையை விட்டு நகர்ந்ததில்லை, அதனால் பெண்ணுக்குத் தெரியாமல் அவருக்கு நானே வாரம் ஒன்றாக, 'பார்வையில் கண்ட நேர்காணல் தொடர்பாக, நினைவூட்டல் ஒன்று', 'நினைவூட்டல் இரண்டு' என்று எழுதிப் போட்டேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. "ஐயா, இந்த ஊரடங்கில் என்னை விடாமல் நினைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். போன வெள்ளிக்கிழமையோடு எனக்கே வேலை போய்விட்டது. தங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஏதாவது இருந்தால் சொல்லவும்" என்று தன் சுயவிவரத்தையும் இணைத்திருந்தார். அதில் நான்கு பிழைகள் இருந்தன, திருத்தித் திருப்பி அனுப்பினேன். விஷயம் தெரிந்து பெண், "எனக்கு வேலை தேடறீங்களா, இல்ல என் மானத்தை வாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த நிலையில்தான் நீங்கள் மறுபடி அருள்பாலித்தீர்கள். உங்கள் நண்பர் ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை, ஒன்றாம் தேதி சேர வேண்டும் என்று போன் வந்ததும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். உங்கள் தங்கை, "எங்க அண்ணன் கைய வச்சா காரியம் முடியாம இருக்குமா?" என்று என்னைப் பார்த்து மூன்று தடவை சொன்னாள். அந்த ஓட்டல் இப்போது நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைக்கிற இடம் என்பதை மட்டும் நீங்கள் கடைசியில், வானிலை சொல்வது போலச் சொன்னீர்கள். விருந்தாளிகள் ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிற ஓட்டல்! நான் கேட்டதற்குப் பெண், "எல்லா ஓட்டலும் மூடிக் கிடக்குப்பா. இது ஒண்ணுதான் நிரம்பி வழியுது" என்று சிரித்துக்கொண்டே சீருடையை இஸ்திரி போட்டாள்.

மைத்துனரே, எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்துத் தெரு தையல்காரர் தானே நடந்து போய் ஆம்புலன்ஸில் ஏறினார், திரும்பி வரவில்லை. ஒரு வருஷமாக வேலை வேலை என்று அவள் பிராணனை வாங்கியவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது வேலை வந்ததும் அது வேண்டாம் என்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே தாங்கள் உடனே நண்பருக்குப் போன் போட்டு, அந்த இடம் நிரம்பிவிட்டது என்று ஓட்டலே சொல்வதுபோல் சொல்ல வைக்கவும். நல்ல பெண்ணைப் பார்த்து லாயக்கில்லை என்று சொல்வது இந்த நாளில் முதலாளிகளுக்குக் கஷ்டமா என்ன? நான் சொன்னேன் என்று மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் இந்த முறை நான்கு நாளோடு போகாது.

அண்ணியாருக்கு என் வணக்கங்கள். குழந்தைகளுக்கு ஆறடி தள்ளி நின்று என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் கேட்டே கெட்ட,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தைத் தபால் பெட்டியில் போடக் கிளம்பியவன், சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று அந்த ஓட்டல் வரை நடந்தேன். வாசலில் தரையில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக முப்பது பேர் நின்றார்கள். நோயாளிகளின் உறவுக்காரர்கள் என்று நினைத்தேன். நெற்றியில் கருவியை நீட்டி வெப்பம் பார்க்கிற காவலாளி, "வேலைக்கு நிக்கிறாங்க சார். ரிசப்ஷன்ல ஒரு இடம், அதுவும் யாரோ சிபாரிசுப் பொண்ணுக்குப் போயிடுச்சாம். அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டு வராதுன்னு தினமும் வந்து பாக்கறாங்க" என்றார். முதல் வட்டத்தில் என்னைவிட நரைத்த ஒருவர், பெரிய ஓட்டலில் மேலாளராக இருந்தவராம், கையில் ஃபைலோடு, "வராதுதானே சார்?" என்று ஆசையாகக் கேட்டார். சட்டைப் பையில் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, "யார் சொன்னது? ஒண்ணாம் தேதி காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்து நிப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

எனவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து. எழுதி முடித்த கடிதத்தை அனுப்பாமல் கிழிப்பது எங்கள் பிரிவில் வழக்கமில்லை என்பதால் அனுப்புகிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காவலாளி வீட்டில் பயப்படுகிறார்கள் என்று இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறாராம். அந்த வாசலில் நின்றால் வரவேற்பு மேசை நன்றாகத் தெரிகிறது, நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் காவலாளி இடத்தை எனக்குச் சொல்லி வைக்கவும். உங்கள் தங்கைக்கு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பெண்ணிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம், அப்பா சிபாரிசில் வந்தவர் என்று ஓட்டல் முழுக்கச் சொல்லிவிடுவாள்.