காகிதத்தில் ஒரு மாமன், போனில் ஒரு மாமன்

ஆம்பூர்

சிரஞ்சீவி ஹரிஹரனுக்குப் பெரியப்பா சீனிவாசன் சொல்லச் சொல்ல, பேத்தி தேவிகாவின் தோழி முபஷ்ஷிரா எழுதுவது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் நீ சுகமாக இருப்பாய். நான் இல்லை, காரணம் நீ.

தேவிகா கல்யாணப் பத்திரிகைக்கு நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய தாய்மாமன்கள் இருவரும் ஏழு வருஷமாகப் பேசுவதில்லை, யார் பெயர் கீழே போனாலும் அவர் வரமாட்டார், மாமன் வராவிட்டால் பெண்ணுக்கு யார் பட்டம் கட்டுவது? பெரியவர் பெருமாள் ஆலங்காயத்தில் பட்டன் போன் வைத்திருக்கிறார், காகிதம்தான் பார்ப்பார். சின்னவர் செங்கல்வராயன் ஷூ கம்பெனி சூப்பர்வைசர், போனைத் தவிர எதையும் பார்க்கமாட்டார். ஆகவே காகிதத்தில் பெரியவர் மேலே, போனில் சின்னவர் மேலே என்றேன். நீயும், "ஒரே ஃபைல் போதும் பெரியப்பா, காகிதம்னா இது, போனுன்னா அதுன்னு உள்ளயே கண்டிஷன் போட்டுடறேன்" என்றாய். போட்டாய். அச்சுக்கடை நவீத் அடித்துக் கொடுத்த காகிதத்தில் நீளப் பெயர் மேலே இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, நீளம் தெரியும், செங்கல்வராயன்தான் நீளம். அதோடு, மண்டபத்துக்கு வழி அறிய இங்கே தொடவும் என்றும் போட்டிருந்ததாம், உன் பெரியம்மா மஞ்சள் கையால் தொட்டுத் தொட்டு அந்த இடமே ஓட்டையாகிவிட்டது. போனில் வந்ததிலோ பின்பக்கம் பார்க்கவும் என்று இருந்தது, திருப்பினால் போனின் முதுகு. கண்டிஷன் தலைகீழாகிவிட்டது என்று ஒரு வரி திருத்தினாய், இரண்டிலும் மாமன்களே இல்லை. மறுபடி திருத்தினாய், இரண்டிலும் இருவரும் இரண்டு தடவை வந்தார்கள். பெண்ணுக்கு நாலு தாய்மாமன். நவீத் தலையில் கை வைத்துக்கொண்டு, "தனித்தனியா ரெண்டு அடிச்சிருந்தா இந்த பேஜாரே இல்ல தாத்தா" என்கிறான். லாங் பஜாரில் ஈய எழுத்து கோத்து அடித்த என் கல்யாணப் பத்திரிகையில் மாமன்கள் வைத்த இடத்திலேயே இருந்தார்கள், ஐம்பது வருஷமாகியும் நகரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து அனுப்பு.

கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கவேண்டும்.

பி.கு.: கண்டிஷன் எதுவும் இனி வேண்டாம், மாமன்கள் ஆளுக்கு ஒரு தடவை வந்தால் போதும். நாலு மாமன் பத்திரிகையை, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று நவீத் சின்னவர் போனுக்கே அனுப்பிவிட்டான். அவர் சந்தேகப்பட்டு அச்சுக்கடைக்குப் போய், கெட்டுப்போன காகிதங்களை எல்லாம் வாங்கிப் பார்த்து, கதை முழுவதையும் கறந்துகொண்டு, நேரே ஆலங்காயம் போய் அண்ணனை வண்டியில் உட்காரவைத்து இங்கே வந்து இறங்கினார். இருவரும் மாற்றி மாற்றித் திட்டினார்கள், நடுவில் ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறார்களாம், யார் பெயர் மேலே இருந்தாலும் சரியாம். போகும்போது பெரியவர் சொன்னார்: "உங்க பேரு மட்டும் அதுல வரக் கூடாது, மாமா." சின்னவர் தலையாட்டினார். ஆகவே என் பெயரை எடுத்துவிடு. இந்த ஒன்றிலாவது காகிதத்துக்கும் போனுக்கும் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்.