நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் ஒரு பச்சைப் பொத்தானும்

சிதம்பரம்,
18.12.2008, வியாழன்.

மரியாதைக்குரிய திருநாவுக்கரசு மாமா அவர்களுக்கு, அக்காள் மகள் அனுப்பிரியா வணங்கி எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அத்தையும் நலமா? காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலில் நின்ற மழைத் தண்ணீர் வடிந்துவிட்டதா? அத்தையின் மூட்டுவலிக்கு அம்மா ஓர் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள். அடுத்த தடவை உங்கள் பஸ் சிதம்பரம் ஸ்டாண்டுக்கு வரும்போது அப்பா கொண்டுவந்து கொடுப்பார். விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன். இனிமேல் எழுதப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் விசில் ஊதுகிற இடைவெளிகளில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. தவிர, எதிர்முனையில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே டிரிப் முடிந்தபிறகு எங்காவது உட்கார்ந்து படியுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறார் கரஸ்பாண்டென்ட் ஐயா. அவருடைய கார் பழுதாகி நின்ற மூன்று நாளும் உங்கள் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்து, நான்காம் நாள் என்னைப் பற்றிப் பேச்செடுத்து, நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலை இது. ஆறு மாதம் தற்காலிகம், ஜனவரியில் நிரந்தரம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நிரந்தரம் ஆனால் நான் தபாலில் எம்.எஸ்சி. சேரலாம், ஆகாவிட்டால் தை பிறந்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று நீங்களும் அம்மாவும் பேசி முடிவு செய்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். எங்கள் வீட்டில் பக்கத்து அறை என்பது குறுக்கே கட்டிய ஒரு புடவைதான். இப்போது அந்த ஜனவரி எனக்கு வராது போலிருக்கிறது. எப்படி என்று ஐயா வாயால் கேட்பதற்கு முன் என் கையெழுத்தில் நீங்கள் படித்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர்ப்பட்டியலைப் பொதுத்தேர்வுக்காகப் புதன்கிழமை மாலைக்குள் கடலூரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குத் தேர்வு எண் வராது. பட்டியலை எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தார். திறந்து பார்த்தால் ஒரு பெயரும் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு சண்டை போட்ட மாதிரி இருந்தது. அந்த டைப்பிஸ்ட் பயன்படுத்திய தமிழ் ஃபான்ட், அதாவது அந்த எழுத்து வடிவம், இப்போது எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. சரி, இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்குமே என்று தேடினேன். ஒரு பக்கம் வந்தது. அதில் பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் ஒன்று, 'டவுன்லோட்' என்று. அதற்குக் கீழே, எறும்பு போகிற மாதிரி நீல நிறத்தில் ஒரு சின்ன வரி, அதிலும் 'டவுன்லோட்' என்று. பெரியதாக இருப்பது சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவள் நான். பெரியதைத்தான் அழுத்தினேன்.

உடனே ஒரு பெட்டி வந்து, மேலே ஒரு தேடும் பட்டை போட்டுத் தரட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. மாமா, நம் வீடுகளில் பந்தியில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம் தடவை கேட்டால் வாங்கிக்கொள்வது மரியாதை. நான் வாங்கிக்கொண்டேன். அடுத்தது சிரிக்கிற மஞ்சள் முகங்கள் ஐந்நூறு வேண்டுமா என்றது. அடுத்தது வானிலை சொல்கிற பொம்மை. அடுத்தது நான் இந்தப் பக்கத்துக்கு வந்த பத்து லட்சமாவது ஆள் என்று சொல்லி வாழ்த்தியது. அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா கொளஞ்சியம்மாள், "என்னா பாப்பா, வெடி போட்டாப்ல மினுமினுங்குது?" என்று கேட்டார். வாழ்த்து சொல்றாங்க ஆயா என்றேன். "நல்லாருக்கட்டும், யாருக்கு வருது அந்த மனசு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெருக்கப் போனார். கடைசிவரை அந்த ஃபான்ட் மட்டும் வரவில்லை.

பதினோரு மணிக்குச் சைரன் அடித்தது. நிஜமான சைரன், ஆம்புலன்சில் வருவது மாதிரி. திரையில் ஒரு சிவப்புக் கேடயம். உங்கள் கம்ப்யூட்டரில் முந்நூற்று நாற்பத்தேழு ஆபத்துகள் இருக்கின்றன, உடனே இங்கே அழுத்துங்கள் என்றது. ஹெட் கிளார்க் சுப்பராயலு சார் ஓடி வந்தார். முப்பது வருடம் டைப்ரைட்டரோடு இருந்தவர் அவர். சத்தம் போடுகிற எதையும் மதிப்பார். வந்ததும் குனிந்து எல்லார் காலையும் பார்த்தார். "யாரு செருப்போட உள்ள வந்தது? கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்பு கூடாதுன்னு போர்டு எழுதி வச்சிருக்குல்ல?" என்று கத்தினார். யாரும் செருப்புப் போட்டிருக்கவில்லை, அவரைத் தவிர. கழற்றிவிட்டு வந்தார். ஆபத்து முந்நூற்று எண்பதாகியிருந்தது.

அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்தினோம். ஒரு படிவம் வந்தது. சுப்பராயலு சாருக்குப் படிவம் என்றால் உயிர் வந்துவிடும். பெயர், விலாசம், பள்ளிக்கூடத்து போன், தன் வீட்டு போன், மருமகன் செல் நம்பர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அதற்குக் கீழே கார்டு நம்பர் கேட்டது. "போடும்மா" என்று பர்சிலிருந்து ரேஷன் கார்டின் ஜெராக்ஸை எடுத்தார். அது ஏற்கவில்லை. வாக்காளர் அட்டையைப் போட்டோம். அதையும் ஏற்கவில்லை. "நம்ம கவர்மென்ட் கார்டையே ஒத்துக்க மாட்டேங்கிறானே, என்ன கம்பெனியா இருப்பான்?" என்று அவருக்குக் கோபம் வந்தது. மாமா, அது கேட்டது பேங்க் கார்டு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் பேங்க் கார்டு கிடையாது. எங்கள் பணம் திருடு போகாததற்கு எங்கள் படிப்பு காரணம் இல்லை, எங்கள் வறுமைதான் காரணம். அன்றிலிருந்து அவர் மருமகனுக்கு தினமும் இங்கிலீஷில் போன் வருகிறதாம்.

இனிமே எழுதறதுக்குக் கை கூசுது மாமா, அதனால பேசற மாதிரியே எழுதிடறேன். பன்னெண்டு மணிக்கு அந்தப் பொம்பளை வந்தா. நீச்சலுக்குப் போற உடுப்புல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு, மானிட்டர் பூரா. பக்கத்துல இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு. சுப்பராயலு சாருக்கு எத கண்டாலும் சத்தமாப் படிச்சிப் பழக்கம். "கடலூரில், உங்களுக்கு அருகில் இருக்கும் ஜெசிகா, உங்களோடு பேச ஆவலாக இருக்கிறாள்" அப்படின்னு மொழிபெயர்த்தே படிச்சிட்டாரு. அதோட விட்டாரா? "கடலூர்ல எங்கம்மா? முதுநகரா, மஞ்சக்குப்பமா? எனக்குத் தெரியாம யாரு இது?" அப்படின்னு யோசிக்கிறாரு. நான் மூடுறேன், மூட மூட ரெண்டா வருது. கொளஞ்சியம்மா ஆயா ஈரத் துணிய எடுத்து மானிட்டர் மேல போத்தினாங்க. அது வழுக்கி விழுந்த நேரம் பாத்துத்தான் கரஸ்பாண்டென்ட் ஐயா உள்ள வராரு, கூடவே பெத்தவங்க சங்கத் தலைவரு. தலைவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கம்ப்யூட்டர் ஃபீஸ்னு இதுக்குத்தான் ஜாஸ்தியா வாங்கறீங்களா?" அப்படின்னாரு. ஐயா என்னயப் பாத்தாரு. "இது பள்ளிக்கூடம்மா." அவ்வளவுதான் சொன்னாரு. திட்டியிருந்தாலாவது அழுதுருப்பேன். அழுகையும் வரல. காலேஜ்ல மூணு வருஷம் கடைசி பெஞ்சில உக்காந்து, ஒரு பையன் பேரு கூட தெரியாம பி.எஸ்சி. முடிச்சவ நான். எனக்கா இந்தப் பேரு வரணும்?

மறுநாள் கடலூர் முதுநகரிலிருந்து ஸ்ரீதர் என்று ஒரு சர்வீஸ் பையன், சீடி நிறைந்த பையோடு வந்தான். பார்த்ததும் சிரித்தான். "சைரன் அடிச்சதா மேடம்? ஒரு வெப்சைட்டுக்கு உங்க கம்ப்யூட்டருக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? ரோட்ல போறவன் உங்க வீட்டு அரிசிப் பானையில முந்நூத்தி நாப்பத்தேழு புழு இருக்குன்னா நம்புவீங்களா?" சுப்பராயலு சார், "எண்ணிச் சொல்றானேப்பா, நம்பத்தான் தோணும்" என்றார். ஸ்ரீதர் சிரிப்பை நிறுத்திவிட்டான். அந்தப் பச்சைப் பொத்தான் விளம்பரமாம். சின்ன நீல வரிதான் நிஜமாம். பெட்டிக்குள் இருக்கிற 'வேண்டாம்' கூட நம்மை ஏமாற்றத்தான் என்றான். எங்கே தொட்டாலும் சம்மதம் என்றுதான் அர்த்தமாம். அதற்குப் பதில் சொல்லவே கூடாது, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி வெளியிலிருந்து மூட வேண்டும், அதுவும் பலிக்காவிட்டால் இன்டர்நெட் வயரைப் பிடுங்க வேண்டும் என்றான். எதையாவது இன்ஸ்டால் பண்ணும்போது அது தானாகவே போட்டு வைத்திருக்கிற டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டுமாம். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாக, "ஃபார்மேட் பண்ணி எல்லாத்தையும் அழிக்காம முடியாது. காப்பி இருக்குல்ல?" என்று கேட்டான். எதனுடைய காப்பி என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

நூற்றுப் பன்னிரண்டு பெயரும் போனது.

பிறகு அட்மிஷன் ரிஜிஸ்டரைக் கொளஞ்சியம்மாள் தூக்கிவர, சுப்பராயலு சார் படிக்க, ஸ்ரீதர் சீடியிலிருந்து போட்டுக் கொடுத்த தமிழ் ஃபான்டில் நான் அடித்தேன். ஒரு பையனுக்கு மூன்று பிறந்த தேதி இருந்தது. ஒரு பெண்ணின் அப்பா பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. அந்தப் பெண்ணையே வகுப்பிலிருந்து கூப்பிட்டுக் கேட்டோம். "பொன்னுரங்கம்" என்று சொல்லிவிட்டு, "எனக்குப் பரிச்ச நம்பர் வந்துடும்ல மிஸ்?" என்று கேட்டது. என்னை மிஸ் என்று கூப்பிட்ட முதல் ஆள். அந்தக் கேள்விக்காகத்தான் புதன்கிழமை மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு ஐம்பதுக்குக் கடலூரில் படியேறி ஓடினேன். வாங்கி வைத்தவர், "இன்னும் பாதி ஸ்கூலே வரல, ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை மாமா. அதை மட்டும் நிம்மதியாக எழுத முடிகிறது.

ஆனால் இன்று காலை ஐயா என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், "சனிக்கிழமை மாமாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த பன்னிரண்டு வருடமும் பெரியவங்களைக் கூட்டிக்கொண்டு வா என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் வர வேண்டாம். டிக்கெட் பையோடு அவர் முன்னால் கைகட்டி நின்று, "சின்னப் பொண்ணுங்க ஐயா, தெரியாமப் பண்ணிடுச்சு" என்று நீங்கள் சொல்வதை என்னால் பார்க்க முடியாது. ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன், நாளைக் காலை கொடுத்துவிடுவேன். தையில் நீங்கள் பார்க்கிற இடத்துக்குச் சம்மதம். அம்மாவிடம் நானே சொல்கிறேன். எம்.எஸ்சி. விண்ணப்பத்தை அப்பாவுக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்தேன். பூர்த்தி செய்யாததுதான், அதன் பின்பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தின் கடைசித் தாளை எழுதுகிறேன்.

அத்தைக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு முத்தங்களும். படிக்கட்டில் தொங்குகிறவர்களைத் திட்டும்போது உங்கள் பிரஷரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நல்ல பெயரைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, கால் தொட்டு வணங்கும்,

அனுப்பிரியா.

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு, எல்லாரும் போனபிறகு, ஐயா அலுவலக அறைக்கு வந்தார். கையில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம். மேசையில் வைத்துக் கதவைச் சாத்தி, துண்டை விலக்கினார். லேப்டாப். "பையன் சென்னையிலேர்ந்து வாங்கி அனுப்பினது. நான் ஒண்ணுமே பண்ணலம்மா, செஸ் ஆடலாம்னுதான் போனேன்" என்றார். மூடியை நாலு விரற்கடை திறந்தார், உள்ளேயிருந்து சைரன் அடித்தது, சட்டென்று மூடினார். அவருக்கு வேர்த்திருந்தது. "உங்களுக்குத்தான் இதெல்லாம் அனுபவம் இருக்கே. அந்தக் கடலூர் பையன் வேணாம், ஊர் பூரா சொல்லிடுவான். எங்க வீட்டம்மாவுக்கும் தெரியக் கூடாது. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவீங்கல்ல?" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "சனிக்கிழமை உங்க மாமாவ அலைய விட வேணாம். ஜனவரி ஆர்டர் அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டேன் மாமா. எனக்கு அதைச் சரி பண்ணத் தெரியாது. லேப்டாப் இப்போது எங்கள் வீட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் துண்டோடு இருக்கிறது. ஐயாவுடைய மகனின் போட்டோக்கள் அதில் இருக்கின்றனவாம், ஒன்றும் அழியக் கூடாதாம். ஆகவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாவை எங்காவது பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுங்கள். தை மாதத்தைப் பற்றி அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம். எனக்குப் புதிதாக ஒரு விண்ணப்பப் படிவம் மட்டும் வாங்கி அனுப்புங்கள். ராஜினாமாக் கடிதத்தை அவர் போனதும் கிழித்துவிட்டேன். தேதி போடாமல் இன்னொன்று எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.