சாட்சி சொல்லப் போன ஞாயிற்றுக்கிழமை

எனக்கு ஒரு கெட்ட வியாதி உண்டு. கண்ணால் பார்த்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். (இப்போது வீட்டில் ஓரளவு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.) பார்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு வாகன இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் விபத்து க்ளெய்ம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கே இடித்தது, எத்தனை மணி, வண்டி நம்பர் என்ன, சாட்சி யார்? நாள் முழுக்க இதே பேச்சு. இதில் சாட்சி கிடைப்பதுதான் பெரும்பாடு. பார்த்தவனெல்லாம் "நமக்கு இன்னாத்துக்கு சார் வம்பு" என்று நழுவிவிடுவான்.

எங்கள் ஆபீஸ் மாடியிலேயே இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கிரேஸ் வேலை பார்த்தாள். இரண்டு வருடக் காதல். நான் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரன், வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். அவள் அப்பா ஜெபராஜ், சர்ச்சில் மூப்பர், சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். விஷயம் தெரிந்ததும் கிரேஸிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்.

"அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வரச் சொல்லு. ஆளு எப்படின்னு பாக்குறேன். சரிப்படலன்னா வேலூர் மாப்பிள்ளைதான்."

கிரேஸுக்கு அவர் பார்த்து வைத்திருந்த வேலூர் மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை.

சனிக்கிழமை சாயங்காலமே அந்த சர்ச் எங்கே என்று நோட்டம் பார்க்கப் போனேன். (பரீட்சைக்கு முந்தின நாள் ஹால் எங்கே என்று பார்த்துவிட்டு வருகிற ஜாதி நான்.) மழை பிடித்துக்கொண்டது. எதிர் டீக்கடையில் ஒதுங்கினேன். அப்போது ஒரு வெள்ளைக் கார் ரிவர்ஸில் வந்து சர்ச்சின் புது கேட்டில் மடார் என்று மோதியது. கேட்டின் ஒரு பக்கம் கழன்று விழுந்தது. தலையில் துண்டு போட்ட ஒருவர் இறங்கினார், இரண்டு பக்கமும் பார்த்தார், கேட்டைத் தூக்கி சுவரில் சாய்த்தார், காரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். நான் பழக்க தோஷத்தில் நம்பரை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "இன்னாடா மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி கீது? அங்கயும் சாமிதான கீது, தைரியமா போய்ட்டு வா." கிரேஸ் போனில் போட்ட உத்தரவு வேறு மாதிரி: "எல்லாரும் எழுந்தா எழு. உக்காந்தா உக்காரு. வாயை மட்டும் தொறக்காத!"

செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. "ஸ்தோத்திரம் பிரதர்" என்றார் ஒருவர். "உங்களுக்கும் சார்" என்றேன். பாஸ்டர் ஜெபத்தை முடித்ததும் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். நான் பளார் பளார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் கொசுவா என்று விசாரித்தார்.

மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார் ஜெபராஜ். அதுவரை அவரை கிரேஸின் போனில் போட்டோவாகத்தான் பார்த்திருந்தேன். அடிக்கொரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பவ்யமாகச் சிரித்தேன்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "நேத்து யாரோ நம்ம கேட்டை இடிச்சுட்டு, சொல்லாம போயிட்டாங்க. அவங்களுக்காகவும் ஜெபிச்சுக்குவோம். அடுத்து, சாட்சி சொல்லணும்னு இருக்கறவங்க முன்னாடி வரலாம்."

ஒருவரும் அசையவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பேர் இருந்தும் ஒரு சாட்சிக்கு ஆளில்லையா! தவிர, மாமனார் எதிரில் நல்ல பெயர் எடுக்க இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது? எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து கிரேஸ் தலையை வேகமாக ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முன்னால் போய் பாஸ்டரிடம் மைக்கை வாங்கினேன்.

"என் பேரு சேகர். நேத்து சாயங்காலம் அஞ்சே கால் மணிக்கு எதிர் டீக்கடையில நின்னுகினு இருந்தேன்."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

ஆகா, என்ன மரியாதை! ஆபீசில் ஒருநாளாவது என் ரிப்போர்ட்டுக்கு இப்படி யாராவது குரல் கொடுத்திருப்பார்களா?

"நல்ல மழை. ஒரு வெள்ளை காரு ரிவர்ஸ்ல வந்துச்சு."

"ஸ்தோ...த்திரம்." கொஞ்சம் சுருதி இறங்கியது.

"கேட்டை இடிச்சிட்டு, ஓட்டினவரு ஓடிட்டாரு. நம்பர் எழுதிக்குங்க சார்." ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்தார். கிரேஸின் அம்மா.

"அது நம்ம புது காராச்சே! ஏங்க, மார்க்கெட்ல எவனோ இடிச்சுட்டான்னு இல்ல சொன்னீங்க?"

மொத்த சபையும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. பாஸ்டர் என் காதருகே குனிந்தார். "பிரதர், சாட்சின்னா கர்த்தர் நமக்கு செஞ்ச நன்மையைச் சொல்றது."

பூமி பிளக்காதா என்று கீழே பார்த்தேன். கெட்டியான டைல்ஸ். வேலூர் மாப்பிள்ளை குதிரையில் வருவதுபோல் கண்ணுக்குள் தெரிந்தது. கிரேஸ் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெபராஜ் எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "நான்தான். வண்டி வாங்கி நாலு நாள் ஆவுது, இன்னும் ரிவர்ஸ் பிடிபடல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. சபை மன்னிக்கணும்." சொல்லிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"உனக்கு கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"வர்ற சனிக்கிழமை காலைல வூட்டாண்ட வா. ரிவர்ஸ் கத்துக் குடு. ரிவர்ஸ் வர்ற வரைக்கும் சாவியத் தொடக் கூடாதுன்னுட்டா கிரேஸ் அம்மா." இரண்டடி நடந்து நின்றார். "வேலூர்க்காரங்களுக்கு நான் போன் பண்ணிக்கிறேன்."

பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் சாட்சிக் கையெழுத்து அவருடையதுதான். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு என்னை சர்ச்சுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொள்வார். பாஸ்டர் "சாட்சி நேரம்" என்றதும் மாமாவின் கை என் சட்டையை இறுக்கிப் பிடிக்கும். முன்னால் போய்ச் சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் விடுவார்.