ஜப்தி வீட்டில் பறந்த விமானம்

செய்முறை தெரியாதவனால் ஒரு வீட்டுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஃப்யூஸ் போனால் அவன் மெழுகுவர்த்தியைக் கொளுத்திவைத்து மின்சார ஊழியர் வரும்வரை பேசாமல் இருப்பான். செய்முறை முழுவதும் தெரிந்தவன் இருக்கும் வீட்டில்தான் ஃப்யூஸ் போனதற்குச் சுவர் இடியும்.

நான் இரண்டாம் ரகம். பணிக்காலம் முழுவதும் தொலைபேசி நிலையத்தில் பழுது கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தேன். எதை முதலில் சோதிக்க வேண்டும், எதை இரண்டாவதாக, எதைக் கடைசிவரை தொடவே கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (எழுப்பாவிட்டாலும் சொல்வதுண்டு என்பது என் மனைவி எஸ்தரின் சாட்சியம்.) ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும் அந்தச் செய்முறையில் ஒரு வரி மறக்கவில்லை. ஒரே ஒரு முறை அது என்னைக் கைவிட்டது. அதையாவது குடும்பத்தார் மறப்பார்களா என்று பார்த்தேன். அவர்களுக்கு என்னைவிட நினைவாற்றல் அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கேரள எல்லையோரம் பாறசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது எஸ்தருடையது. கல்யாணக் குறி, அதாவது அழைப்பிதழ், அச்சுக்கோத்துக் கொடுப்பது அவள் தொழில். பெண் நெய்யாற்றின்கரை, மாப்பிள்ளை மார்த்தாண்டம் என்றால் ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். இரண்டு பக்கமும் பிழை இல்லாமல் செய்ய இந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அந்தப் பெட்டியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. தூசி துடைக்கலாம், அதுவும் வெளிப்பக்கம் மட்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் என் தங்கை மேபலின் கணவர் செல்வராஜ் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். மஸ்கட்டில் ஒரு அரபி முதலாளியின் வீட்டில் டிரைவர். விடுமுறையில் வந்தவர் திரும்பிப் போக இன்னும் சில நாட்களே இருந்தன. போர்வையில் பொதிந்த ஒரு அட்டைப்பெட்டியைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான், இதொண்ணு சரியாக்கித் தரணும்."

"இது என்னது, மாப்பிளே?"

"அரபிக்க மகன் ஏரோப்ளேன் ஓட்டுக சாதனமாக்கும்."

பிரித்தால் உள்ளே மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் கண் டாக்டர் வைத்திருக்கும் கருவிக்கும் பிறந்தது போல ஒன்று. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு அதைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு முன்னால் இரண்டு சின்னத் திரைகள். நாம் தலையைத் திருப்பினால் விமானிக்குத் தெரியும் காட்சியும் திரும்பும். இடது பக்கம் பார்த்தால் இடது இறக்கை, வலது பக்கம் பார்த்தால் வலது இறக்கை, நேரே பார்த்தால் ஓடுபாதை. முதலாளியின் மகன் கல்லூரியில் படிக்கிறவன். செல்வராஜ் ஊருக்குக் கிளம்பும் முன் சில வாரங்களாக அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடது இறக்கைதான் தெரிந்ததாம். பாதை தெரியாமல் தினமும் விமானத்தைக் கடலில் இறக்கினானாம். அங்கே கடையில் கேட்டதற்கு அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்றார்களாம்.

"அதுக்கு நீரு என்ன சொன்னீரு?"

"எனக்க மச்சான் பெரிய என்ஜினியராக்கும், ஒரு நாள் போரும், சரியாக்கித் தருவாருன்னு சொன்னேன்."

நான் என்ஜினியர் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

"அவரு என்ன சொன்னாரு?"

செல்வராஜ் தொண்டையைச் செருமினார். "கொண்டு போ. சரியாகல்லேன்னா நீயும் வரண்டாம்னு சொன்னாரு."

"சிரிச்சிட்டா சொன்னாரு?"

"கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு, மச்சான். ஒண்ணும் தெரியல்ல."

அங்கே ஒற்றசேகரமங்கலத்தில் மேபலின் புது வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. மேலே கான்கிரீட் வார்ப்பு போட இந்த ஒரு வேலைதான் நம்பிக்கை. கூரை இல்லாத அந்தச் சுவர்களும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அரபியும் என் கைத்திறமையை நம்பி நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பயம் வந்திருக்க வேண்டிய இடம்.

எஸ்தரிடம் கம்ப்யூட்டரைத் திறக்க அனுமதி வாங்குவதிலேயே காலை பாதி போயிற்று.

"எனக்க பெட்டியில பனச்சமூட்டுக் கல்யாணம் ஒண்ணு கிடக்குது. அது போச்சுன்னா அந்தப் பெண்ணுக்கு நீங்க மாப்பிள்ளை பாக்கணும்."

"இதுக்க கூட வந்த சர்க்யூட் அட்டையைச் சொருகணும், எடுக்கணும். அவ்வளவுதான்."

சொருகினேன். விளையாட்டு வந்தது. தலைக்கவசத்தை மாட்டினேன். உண்மையில் அற்புதம்தான். நான் ஒரு விமானத்தில் உட்கார்ந்திருந்தேன், முன்னால் ஓடுபாதை நீண்டு கிடந்தது. தலையைச் சற்றே அசைத்தேன். காட்சி இடது பக்கம் ஓடிப் போய் இறக்கையில் ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம் திரும்பினேன், இடது இறக்கை. மேலே பார்த்தேன், இடது இறக்கை. எழுந்து பின்பக்கச் சுவரைப் பார்த்து நின்றேன். அந்த இறக்கை என்னோடு வந்து நின்றது. ஒரு உறவினர் மாதிரி.

பெட்டியில் இருந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். (செல்வராஜ் அதைத் தொட்டதே இல்லை. ஜனங்கள் கையேட்டை அட்டைப்பெட்டியின் ஒரு பாகம் என்று நினைக்கிறார்கள்.) கருவி பூமியின் காந்தத்தை வைத்துத்தான் திசை அறிகிறது, திசைகாட்டி முள்ளைப் போல. பக்கத்தில் இரும்போ காந்தமோ இருந்தால் குழம்பிவிடும். சுற்றுப்புறத்திலிருந்தும் பயன்படுத்துபவரின் உடலிலிருந்தும் அவற்றை நீக்க வேண்டும்.

"கிடைச்சாச்சு மாப்பிளே" என்றேன். "இனி செய்முறை. ஒவ்வொண்ணாட்டு எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் சோதிக்கணும்."

முதலில் ஸ்பீக்கர்கள் போயின. இடது இறக்கை. பிறகு மேசை விசிறி, ஸ்டேப்ளர், காகிதம் வெட்டும் கருவி. இடது இறக்கை. தையல் இயந்திரம், இரும்புக் கட்டில், கேஸ் சிலிண்டர். இடது இறக்கை. அடுத்த அறையில் நின்ற இரும்பு பீரோவை வெளியேற்றத் துணிகளை எல்லாம் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு ரொம்ப நாளாகக் கழுத்து வலி. செல்வராஜ் முந்தின விடுமுறையில் கொண்டுவந்து தந்த பட்டை ஒன்றைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டுதான் நடமாடுவேன். அதனால் பாரம் தூக்கும் பொறுப்பு செல்வராஜுக்கும், மேற்பார்வை எனக்கும் என்று ஏற்பாடு. எஸ்தர் தலையிலிருந்த கொண்டை ஊசிகளைக்கூட வாங்கி முற்றத்து மாமரத்தடியில் வைத்தேன்.

"தாலியையும் எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"பொன்னுக்குக் காந்தம் கிடையாது."

"அப்ப, அதுக்கு மட்டும் புத்தி உண்டு."

பீரோ முற்றத்துக்கு வந்த நேரத்தில் பக்கத்து வீட்டு நாயர் சார் வேலிக்கு அப்பால் நின்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மலையாளம் மட்டுமே பேசுவார். கட்டிலையும் சிலிண்டரையும் பீரோவையும் வரிசையாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தா சாரே, ஜப்தியாணோ?"

"அல்ல சாரே. விமானம் நேரே ஆக்குகயாணு."

விமானத்தைச் சரிசெய்கிறேன் என்ற என் பதிலைக் கேட்டு அவர் என் தலையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார், வந்ததைவிட வேகமாக.

அதன் பலன் மதியத்துக்குள் சைக்கிளில் வந்தது. எங்கள் சபைப் போதகர். ஜங்ஷன் முழுக்க, கடன் கட்டாததால் வங்கிக்காரர்கள் வந்து என் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்றும், அதில் எனக்குச் சித்தம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்றும் பேச்சு. அவர் ஆறுதல் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே நான் ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினேன்.

"சைக்கிள் வெளியிலயே நிக்கட்டு. வாட்ச், சாவி, பேனா, ஒக்க இதில போடுங்க."

அவர் மறு பேச்சில்லாமல் போட்டார். கலங்கினவர்களிடம் மெதுவாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் உண்டு போலிருக்கிறது. பிறகு கண்களை மூடி, இந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை எல்லாம் இந்த வீட்டுக்கே திரும்பி வரவேண்டும் என்று உருக்கமாக ஜெபித்தார். நான் தலைக்கவசத்தோடு ஆமென் சொன்னேன். அவரை நோக்கித் திரும்பினேன். இடது இறக்கை.

அந்த ஜெபம் உடனே கேட்கப்பட்டது. மழை வந்தது. ஐப்பசி மாதத்துத் துலாவர்ஷ மழை, முன்னறிவிப்புத் தரும் வழக்கம் இல்லாதது. போதகரும் செல்வராஜும் பீரோவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் ஓடிவந்தார்கள். மேற்கொண்டு நகர்த்தத் தெம்பில்லாமல் கம்ப்யூட்டர் மேசையின் பக்கத்திலேயே இறக்கினார்கள். எஸ்தர் நனைந்த துணிகளைச் சுமந்து வந்து தரையில் போட்டாள். செல்வராஜ் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேபலுக்கிட்ட என்னண்ணு சொல்லுவேன், மச்சான்? கூரை இல்லாத வீட்டுக்குள்ள இப்ப மழை பெய்யும்."

நான் கையேட்டை மூடிவைத்தேன். செய்முறையின் கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டேன். எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அதை இங்க தாருங்க. எனக்க வீடு என்னத்துக்கு முற்றத்துல போச்சுன்னு ஒருக்கா நானும் பாக்கட்டு."

மாட்டிக்கொண்டாள். தலையை அங்குமிங்கும் திருப்பினாள்.

"கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "தூரத்துல மலை எல்லாம் தெரியுது."

"இடது இறக்கை தெரியலியா?"

"இடப்பக்கம் பாத்தா தெரியுது."

"வலப்பக்கம் திரும்பு."

"வலது இறக்கை. அதுக்கென்ன?"

செல்வராஜ் வாசலிலிருந்து திரும்பினார். வாங்கித் தன் தலையில் மாட்டினார். வலது, இடது, நேரே. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. போதகரும் ஒருமுறை பார்த்து, பாதை செம்மையாகத் தெரிகிறது என்று உறுதிசெய்தார். பீரோ பக்கத்திலேயே நின்றது. மறுபடி நான் மாட்டினேன்.

இடது இறக்கை.

"சாதனத்துக்கு ஒரு கேடும் இல்ல" என்றாள் எஸ்தர். "குறை தலையிலாக்கும்."

அதன்பின் நடந்ததை நான் சுருக்கமாகவே சொல்லுவேன். (எஸ்தர் விரிவாகச் சொல்லுவாள், கேட்டுக்கொள்ளுங்கள்.) மற்றவர்களிடம் கொண்டை ஊசிவரை பறித்தவன் என்னை நானே ஒருமுறையும் சோதிக்கவில்லை. கையேட்டில் 'பயன்படுத்துபவர்' என்றுதான் இருந்தது. நான் பயன்படுத்துபவனா என்ன? நான் சோதிப்பவன். இப்போது போதகர் முன்னிலையில் சாவிக்கொத்து, வாட்ச், பெல்ட், கடைசியில் சட்டையும் போயிற்று.

"மச்சான், கழுத்துல அந்தப் பட்டை" என்றார் செல்வராஜ்.

"இது வலிக்குள்ளது. இதில என்ன இருக்கு?"

கழற்றி மேசையில் போடப் போனேன். அது மேசையில் விழவில்லை. பாதி வழியில் என் கையை விட்டுத் துள்ளிப் போய் பீரோவின் கதவில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

நாங்கள் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு ரப்பருக்குள் வரிசையாகக் காந்தத் துண்டுகள் வைத்துச் செய்த பட்டை. அது வலியை எப்படி இழுக்கும் என்று அதன் அட்டையில் எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. கையேட்டைப் பற்றி மேலே ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அசைந்தது செல்வராஜ். பீரோவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான். இதுபோல ஒண்ணு அரபிக்க மகனுக்கும் வாங்கிக் குடுத்தேன்."

"என்னத்துக்கு?"

"அந்தச் சாதனம் பாரமில்லியா. அவனுக்குக் கழுத்து வலின்னு சொன்னான். எனக்க மச்சானுக்கு இதில நல்ல சுகம் உண்டுன்னு நான்தான் கட்டிவிட்டேன்."

"எப்ப?"

அவர் விரல்விட்டு வாரங்களை எண்ணினார். கணக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. விமானம் கடலில் விழத் தொடங்கியது எப்போது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகு அந்த மனிதர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வருமளவுக்கு, நிறுத்த முடியாமல், மழைச் சத்தத்துக்கு மேலே. என் நெஞ்சில் மழை தொடங்கியதிலிருந்து உட்கார்ந்திருந்த கூரையில்லாத வீடு அப்போதுதான் எழுந்து போயிற்று. நானும் சட்டையில்லாமல் நின்று சிரித்தேன்.

"அப்ப ஜப்தி இல்லியா?" என்று கேட்டார் போதகர்.

எனக்கு ஒரு செய்முறைச் சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. முதலாளியிடம் என்ன சொல்வது? பழுதே இல்லை என்றால் பட்டை கட்டியது யார் என்ற கேள்வி வரும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது எஸ்தர் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"செல்வா, நீ அங்க போன உடனே அந்தப் பையனுக்க கழுத்துல இருந்து அதைக் கழத்தி எடு. இதை விட நல்லது வாங்கித் தாறேன்னு சொல்லு. பிறவு சாதனத்தக் குடு."

போதகர் அது காதில் விழாதது போல, அந்த நேரம் பார்த்துத் தன் வாட்சைத் தேடி மாமரத்தடிக்குப் போனார்.

அடுத்த வாரம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "இறங்கியாச்சு மச்சான்" என்றார் செல்வராஜ். அவர் இறங்கியதையா விமானம் இறங்கியதையா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான். அடுத்த கோடைக்குள் மேபலின் வீட்டுக்கு வார்ப்பு போட்டார்கள். அன்று கம்பி கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நான் மேற்பார்வைக்குப் போனபோது, "அண்ணா, நீ கம்பிக்கப் பக்கத்துல நிக்காதே, வீடு இடப்பக்கமாட்டு சரிஞ்சு போவும்" என்று மேபல் எல்லோர் முன்பும் சொன்னாள். முதலாளி என்ஜினியருக்கு என்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அது ருசியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது கேடானாலும் செய்முறை மாறிவிட்டது. மிக்சி ஓடவில்லையா, டி.வி. தெரியவில்லையா, முதல் கேள்வி, "அவரு பக்கத்துல நிக்கியாரா?"

போன மாதம் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். காந்தத்தால் எடுக்கும் ஸ்கேன். உள்ளே அனுப்பும் முன் அந்த அறைப் பெண், உடம்பில் இரும்பு, காந்தம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். அது சரியான செய்முறை என்பதால் நானும் முறைப்படி பதில் சொல்ல வாயெடுத்தேன். கதவோரத்தில் என் வாட்ச், பெல்ட், சாவி, பேனா எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எஸ்தர் முந்திக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல மக்கா. அந்தப் பட்டையை வீட்டுலயே பீரோவில ஒட்டி வச்சிட்டுதான் கூட்டிட்டு வந்தேன்."