நான் வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல

எங்கள் தீவில் பலவகை ஜீவராசிகள் உண்டு. தென்னையில் ஏறும் நண்டு உண்டு, மோட்டார் சைக்கிள் வரும் வழியில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கும் நாய் உண்டு, விடிவதற்கு நாலு மணி நேரம் முன்பே விடிந்துவிட்டதாகக் கூவும் சேவல் உண்டு. இவற்றைப் பற்றியெல்லாம் விவரமறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எழுதாமல் விட்ட ஜீவன் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர், 'முன்னாலேயே வந்தவர்'.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வெயிலில் தார் உருகும்போதும் செருப்புப் போடமாட்டார். நாங்கள் எல்லோரும் போட்டிருப்போம். இளநீர்க்காரனிடம் உள்ளூர் பாஷையில் பேசுவார். அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, எங்கேயோ இருக்கும் எவருக்கோ ஏதோ ஒன்றைச் சரிசெய்து கொடுத்துப் பிழைப்பார். வாரத்தில் மூன்று நாள் நெட் வராது. அந்த மூன்று நாளும் மனுஷன் முகத்தைப் பார்க்கக் கூடாது. தன்னைப்போலவே வெளுத்த தோலும் முதுகுப் பையுமாய் யாராவது படகிலிருந்து இறங்கினால், "டூரிஸ்டுங்க தொல்லை தாங்கல" என்று நம்மிடமே அலுத்துக்கொள்வார். இவற்றில் எதிலும் பிடிபடவில்லை என்றால் ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நல்ல மீன் எங்கே கிடைக்கும், மழை எப்போது நிற்கும், எதை வேண்டுமானாலும். பதில் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"நான் வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல."

ஃபெலிசாவின் ஓலைக்குடிலில் குடியிருந்த மோர்ட்டன் இந்த இனத்தில் முதல் தரம். டென்மார்க்காரர். வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதிதாக வந்தவர்களிடம் நாலு என்பார், பெண்களிடம் ஐந்து என்பார். ஃபெலிசா அவருக்கு வீட்டுச் சொந்தக்காரி. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'ஆத்தே', அதாவது அக்கா.

மோர்ட்டன் தன்னை அந்த வீட்டுப் பிள்ளை என்றே நினைத்திருந்தார். காரணம் இதுதான். எங்கள் ஊரில் சாப்பிட உட்காரும்போது வாசலில் யார் போனாலும், "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவோம். போகிறவர், "இப்பதான் ஆச்சு" என்பார். வெறும் வயிறாக இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கூப்பிடுவது மரியாதை, மறுப்பது அதைவிட மரியாதை. வந்த முதல் வாரம் ஃபெலிசா முறை தவறாமல் கூப்பிட்டாள். மோர்ட்டன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கப்புறம் கூப்பிடாமலே உட்கார்ந்தார். அவள் என்ன செய்வாள் பாவம், அரிசியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள்.

'இந்தத் தீவைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று எழுதி, தீவின் படத்தை வாரம் ஒன்றாக ஊருக்கெல்லாம் போடுவது அவர் வழக்கம். படத்தின் மூலையில் படகுத்துறையின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வந்து இறங்கினார்கள். வந்து இறங்கியவர்களைப் பார்த்து, தீவு கெட்டுப்போச்சே என்று அவர்தான் முதலில் வருந்தினார்.

பெரிய புயலைப் பற்றியும் சொல்வார். "நாங்க எல்லாரும் சேர்ந்து தாங்கினோம்" என்று சொல்லும்போது கண் கலங்கும். கூரை பறந்த அன்று ஃபெலிசா சமையல் மேஜைக்கு அடியில் பன்றிக்குட்டியோடு கிடந்தாள். மோர்ட்டன் பாங்காக்கில் கிடந்தார். கரண்ட் வந்த பிறகு வந்தார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஃபெலிசா வீடு கட்ட நினைக்கும் வரைக்கும்.

ஃபெலிசாவுக்கு ஒரே பெண், அனாலின். ஒன்பது வருஷமாக ஹாங்காங்கில் இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்தாள். (கவனியுங்கள்: அனாலின் அந்நிய தேசத்தில் இருப்பதற்குப் பெயர் வேலைக்குப் போனது. மோர்ட்டன் அந்நிய தேசத்தில் இருப்பதற்குப் பெயர் வாழ்க்கையைக் கண்டுகொண்டது.) குடிலுக்குப் பக்கத்தில் சிமெண்டில் இரண்டு அறை கட்டிவிட்டால், வாடகையை வைத்துக்கொண்டு பெண் இங்கேயே காலம் தள்ளலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு அவள் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஃபெலிசாவுக்குக் கிடைத்த நல்ல யோசனைகளிலேயே இதுதான் பெரியது. கல்லும் வந்து இறங்கிவிட்டது.

கல்லைப் பார்த்த மோர்ட்டனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆத்தே, சிமெண்டா? என் ஜன்னல்லருந்து கடலே மறைஞ்சுடும். ஓலைதானே அழகு!"

"ஓலை அழகுதான் சார். பறக்கும்போது இன்னும் அழகா இருக்கும்."

"அறை கட்டினா இன்னும் ரெண்டு வெளியாளு வருவான். அவனைப் பார்த்து நாலு பேரு வருவான். இந்த ஊரோட ஆத்மாவே போயிடும்."

"என் பொண்ணு வருவா சார். அவ வெளியாளு இல்ல."

மோர்ட்டன் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. ஊர்மேல் அவருக்கு உண்மையிலேயே உயிர். அன்று மத்தியானமே ஊர்த்தலைவரிடம் போய் ஆட்சேபம் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் கட்டடத்துக்குக் குடியிருப்பவர் ஒருத்தர் ஆட்சேபம் சொன்னாலும் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்த்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டலாம். தலைவரைக் கப்பித்தான் என்போம். கப்பித்தான் நார்சிசோ யாரையும் பகைத்துக்கொள்ளாத ஆள்; ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம் என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டார்.

ஃபெலிசாவுக்கு மனசு ஆறவில்லை. மூன்று வருஷம் தன் தட்டில் சாப்பிட்டவன்! அன்றிரவு ஹாங்காங்கிலிருந்து அனாலின் போனில் கேட்டாள். "என்னம்மா, கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?" "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுடி" என்றாள் ஃபெலிசா.

கூட்டம் கூரை போட்ட கூடைப்பந்து மைதானத்தில். ஊரே வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறென்ன வேலை? மோர்ட்டன் வெறுங்காலோடு எழுந்து நின்றார்.

"கப்பித்தான், நான் வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல..."

"நில்லுங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து ஃபெலிசா எழுந்தாள். "ஒண்ணுமே இல்லயா? அப்போ நீங்க படகுல வாந்தி எடுத்துக்கிட்டே வந்து இறங்கினப்போ, பையைத் தூக்கிட்டு வந்து கஞ்சி வெச்சுக் கொடுத்தது யாரு? பேயா?"

மைதானம் சிரித்தது. மோர்ட்டனும் சிரித்தார், பெருந்தன்மையாக. "உங்களைச் சொல்லல ஆத்தே. கட்டடத்தைச் சொன்னேன். இனிமே வெளியாளுங்க போதும். அவ்வளவுதான் என் கோரிக்கை."

கப்பித்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நியாயமான பேச்சாத்தான் தெரியுது. வெளியாளுங்க போதும். சரி, எந்தத் தேதியிலருந்து போதும்?"

"இன்னிலருந்து."

இதைக் கேட்டதும் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கிளைவ் எழுந்தார். ஆஸ்திரேலியாக்காரர், கடலலைமேல் பலகையில் நின்று சறுக்கச் சொல்லிக்கொடுப்பவர், மோர்ட்டனுக்கு எட்டு வருஷம் மூத்த 'முன்னாலேயே வந்தவர்'.

"இன்னிக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? இந்தக் கம்ப்யூட்டர் பையனுங்க வர்றதுக்கு முந்தின நாளே போட்டிருக்கணும். நான் வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல. ரோடு கூடக் கிடையாது!"

"நீ பலகையைத் தூக்கிட்டு வந்தியே, அன்னிக்கே போட்டிருக்கணும்!" என்று ஒரு கிழட்டு மீனவர் கத்தினார். "அதுக்கு முன்னாடி அலைன்னா அலை. மீன் பயப்படாம வரும்."

"உன் மாமனாரு பக்கத்துத் தீவுலருந்து வந்தவருதானே பெரிசு?" என்று இன்னொரு குரல். "அவரு வலையை விரிச்சப்புறம்தான் மீனே கொறஞ்சுதுன்னு எங்கப்பா சொல்லுவாரு!"

கொஞ்ச நேரத்துக்கு ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தான் வந்து சேர்ந்த மறுநாளே கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்றார்கள். அட, அதிசயம்! தேதியில்தான் சண்டையே தவிர, கதவைச் சாத்த வேண்டும் என்பதில் ஊருக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கப்பித்தான் மேஜையைத் தட்டினார். "இப்படியே போனா என் கதைக்கு வந்துடும். எங்க தாத்தா செபூத் தீவுலருந்து கருவாடு விக்க வந்தவரு. நானும் எந்திரிச்சுப் போயிட்டா, அப்புறம் கூட்டத்தை யாரு முடிக்கறது? ஆத்தே, கடைசியா ஏதாவது சொல்றியா?"

ஃபெலிசா நிறைய யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. மோர்ட்டனைப் பார்த்தே சொன்னாள்.

"சார், உங்க ஜன்னல்லருந்து கடல் மறைஞ்சுடும்னு சொல்றீங்க. மெய்தான், கொஞ்சம் மறையும். என் பொண்ணு தூங்கற எடத்துல ஜன்னலே கிடையாது. துவைக்கிற மிஷின் வெச்சிருக்கிற அறை. ஒன்பது வருஷமா அவ பார்க்கிறது அந்த மிஷினோட வயித்தைத்தான். எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கப்பித்தான் கட்டலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வாசலோடு போனபோது ஃபெலிசா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கோபம் இருந்தாலும் பழக்கம் விடுமா? "வாங்க சார், சாப்பிடலாம்" என்றாள்.

"இப்பதான் ஆச்சு ஆத்தே" என்றார் மோர்ட்டன், நிற்காமல்.

அட! மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மனுஷன் உள்ளூர்க்காரனைப் போல ஒரு வார்த்தை பேசிவிட்டான். ஃபெலிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அறைகள் எழும்பின. அனாலின் வந்து இறங்கினாள். படகுத்துறையில் அம்மாவும் பெண்ணும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் படகு கிளம்பவே நேரமாயிற்று. முதல் அறைக்கு முதல் வாடகைக்காரர் யாரென்று நினைக்கிறீர்கள்? மோர்ட்டன்தான். மழைக்காலம் பாருங்கள், ஓலை ஒழுகியது. சிமெண்ட் அறையில் நெட்டும் நன்றாக வந்தது. அப்படி ஒன்றும் ஊரின் ஆத்மா போய்விடவில்லை என்று புதிதாக வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

மறு வருஷம், எதிர்ப்புறத்துத் தென்னந்தோப்பில் லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியது. யாரோ மணிலாக்காரர் மூன்று மாடி கட்டப் போகிறாராம். ஃபெலிசாவுக்குச் சோறு இறங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கப்பித்தான் வீட்டுக்கு விடுவிடுவென்று நடந்தாள். பின்னாலேயே அனாலின் ஓடினாள். அவளுக்குப் பின்னால், வெறுங்காலோடு, மோர்ட்டன்.

"கப்பித்தான், இது அடுக்குமா? மூணு மாடி! நாளைக்கு ஊரே நெறைஞ்சுபோகும். நான் கட்டினப்போ இங்க ஒண்ணுமே..."

அங்கே நின்றுவிட்டாள். கப்பித்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அனாலின் வாயைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினாள், தோள் குலுங்கியது. மோர்ட்டன் ஒருவர்தான் தலையைப் பலமாக ஆட்டினார்.

"அதைத்தான் ஆத்தே நான் அன்னிக்கே சொன்னேன்!"

ஃபெலிசா செய்ததைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. தீவு, வெள்ளைக்காரர், வெறுங்கால் என்றதும் இது எங்கேயோ நடக்கிற கூத்து என்று சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். புறநகரில் மனை வாங்கி, கடன் வாங்கி, நீங்கள் வீடு கட்டிக் குடிவந்தீர்களே, அப்போது உங்கள் தெரு எப்படி இருந்தது? ஒரே பொட்டல், ஆறு மணிக்குமேல் ஆள் நடமாட்டம் கிடையாது, ஏரிக்காற்று சிலுசிலுவென்று வரும், இப்போதுதான் கண்ட கண்டவனெல்லாம் வந்து அடுக்குமாடி கட்டி...

போதும், சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். எதிர்வீட்டுக்காரர் காதில் விழும். அவர் உங்களுக்கு முன்னாலேயே வந்தவர்.