எதிர்த்து நிற்க விடுப்பு

மாண்புமிகு உறுப்பினர் ஏழாவது முறையாகச் சட்டமன்றத்துக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தார். ஆறு முறை போய்ப் பழகிவிட்ட இடம். அங்கே அவருடைய நாற்காலியில் அவர் உடம்புக்குத் தோதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புதிதாக ஒருவர் போய் உட்கார்ந்தால் பள்ளம் பொருந்தாது; நாட்டுக்கு வீண் அசௌகரியம். தொகுதி மக்களுக்கும் இதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. வேட்புமனு வாங்கும் கடைசி நாள் காலை வரை தேர்தல் அதிகாரியின் மேசைமேல் அவருடைய மனு ஒன்றுதான் கிடந்தது.

இதில் அதிருப்தி அடைந்தவர் ஆலோசகர் ஒருவரே. தலைவர்களை மக்களுக்குப் பிடிக்கும்படி செய்து தருவது அவர் தொழில். உறுப்பினரின் மீசையைப் பாதியாகக் குறைத்தவரும், பேசும்போது விரலை ஆட்டக் கூடாதென்று தடை போட்டவரும் அவர்தான்.

"ஐயா, போட்டியில்லாம ஜெயிக்கிறது இப்ப பேஷன் இல்லை. ஆளே இல்லாத மைதானத்துல தனியா ஓடிப் பரிசு வாங்கின மாதிரி இருக்கும். எதிர்ல ஒருத்தர் நிக்கணும். நின்னு தோக்கணும். அது ஒரு பெண்ணா இருந்துட்டா ரொம்ப நவீனமா இருக்கும்."

"யாரும் நிக்க வரலைன்னா நான் என்னய்யா பண்றது? கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?"

"நம்ம ஆபீஸ்லயே யாராவது இருப்பாங்களே."

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். ஜன்னலோர மேசையில் டைப் அக்கா தட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. பத்தொன்பது வருஷமாக யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மக்கள் கொண்டுவரும் மனுக்களைப் படித்து, 'தங்கள் மனு எங்கள் மேலான கவனத்தில் உள்ளது' என்று பதில் அடித்து, உறுப்பினரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவது அவள் வேலை. தன் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது பற்றி அவளே நான்கு முறை மனு எழுதியிருக்கிறாள். நான்கு முறையும் பதிலை அவளே அடித்து, தபாலில் போட்டு, வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் படித்தாள். பதிலில் மரியாதை குறைவில்லாமல் இருக்கிறது என்று அவள் கணவன் பாராட்டினான்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான். "வேலை போயிடுமாங்கய்யா?"

"எதுக்கும்மா போகுது? தோத்த மறுநாள் வந்து உக்காந்துக்க. மூணு வாரம் லீவு எழுதிக் கொடு."

விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. 'தங்களை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியடைய வேண்டியிருப்பதால்' என்று எழுதினாள். உறுப்பினர் படித்துப் பார்த்து, 'அனுமதிக்கப்படுகிறது. காரணத்தைத் தவறாது நிறைவேற்றவும்' என்று ஒப்பமிட்டார்.

முதல் கூட்டத்துக்கு ஆலோசகர் ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார். கேட்பவர்கள் தூங்கிவிட வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதப்பட்ட பேச்சு, நன்றாகவே வந்திருந்தது. அவள் முதல் பக்கத்தை முடிப்பதற்குள் கூட்டத்திலிருந்து தையற்காரர் ஒருவர் எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. எங்க தெரு விளக்கு எப்ப எரியும்?"

பழக்கதோஷம், அவள் வாயில் பதில் தானாக வந்துவிட்டது. "உங்க மனு ரெண்டு வருஷமா மின்சார ஆபீஸ் மூணாவது மாடியில இருக்குங்க. கண்ணாடி போட்ட அம்மா மேசையில, அடியிலிருந்து நாலாவது கோப்பு. கம்பத்து நம்பர் எழுதாததால நிக்குது. நம்பர் என்ன?"

தையற்காரர் நம்பரைச் சொன்னார். மறுநாள் அவள் போய் அதைக் கண்ணாடி அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா டைப் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். இவள் வேட்பாளர். வேட்பாளர் என்றால், ஒருவேளை, ஏதோ தவறு நடந்து, ஜெயித்துவிடவும் கூடும். அடியிலிருந்து நாலாவது கோப்பு மேலே வந்தது. சாயங்காலம் விளக்கு எரிந்தது.

அதன் பிறகு அவள் கூட்டங்களில் யாரும் பேச்சுக் கேட்க வரவில்லை. மனு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எந்த ஆபீஸ், எந்த அலமாரி, யார் கையெழுத்து பாக்கி என்று அவள் மடமடவென்று சொன்னாள். ஆறு முறை ஜெயித்தவரால் அசையாத கோப்புகள், தோற்கப் போகிறவளைக் கண்டு எழுந்து நடந்தன. இரண்டாவது வாரம் அவள் தெருச் சாக்கடையையும் வந்து தோண்டினார்கள். தண்ணீர் கலகலவென்று ஓடுவதை வாசலில் நின்று பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, நாமே ஜெயித்தால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

உறுப்பினர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா பண்ணிக்கிட்டிருக்கே?"

"நீங்க சொன்னபடி எதிர்த்து நிக்கிறேங்கய்யா."

"நிக்கத்தானே சொன்னேன். வேலை பார்க்கச் சொன்னேனா?"

"லீவுல இருக்கேங்கய்யா. லீவுலதான் கொஞ்சம் நேரம் கிடைக்குது."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "ஊர்ல விசாரிச்சேன் ஐயா. நூத்துக்குத் தொண்ணூறு பேர், அக்கா மாதிரி ஆளே கிடையாதுங்கிறாங்க."

உறுப்பினர், தடையை மறந்து, விரலை ஆட்டினார். யாரைப் பார்த்து ஆட்டுவது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்.

வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. டைப் அக்கா தன் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டாள். அடுத்த தெருவில் வீடு என்பதால் உறுப்பினருக்கும் அதே சாவடிதான். இரண்டு நாள் கழித்து எண்ணினார்கள். உறுப்பினருக்கு அறுபத்தோராயிரம். அவளுக்கு முந்நூற்றுப் பதினொன்று. சொந்தச் சாவடியில் மட்டும் பார்த்தால், ஒன்று.

தெருவே அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லார் முகத்திலும் உண்மையான வருத்தம்.

"தப்பா நினைக்காதே அக்கா," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "நீ அங்க போயிட்டா எங்க மனுவை யார் பார்ப்பா? அவர் அங்க போனாத்தானே நீ இங்க இருப்பே. எல்லாரும் அப்படித்தான் யோசிச்சிருக்காங்க. நான் மட்டும்தான் உனக்குப் போட்டேன். அந்த ஒண்ணு என்னோடது."

அவள் போனதும் தையற்காரர் அருகில் வந்து தணிந்த குரலில், "அந்த ஒரு ஓட்டு நான் போட்டதும்மா," என்றார். பிறகு பால்காரர் சொன்னார். மச்சினியும் சொன்னாள். எல்லோரும் போன பிறகு கணவன், "ஊரே கைவிட்டாலும் நான் விடுவேனா? ஒண்ணு விழுந்திருக்கு பாரு," என்றான்.

அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். அந்த ஓட்டு தன்னுடையதல்ல என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம். சாவடிக்குள் தன் பெயரைப் பார்த்ததும் ஒரு கவலை வந்திருந்தது. நாம் போய்விட்டால் நம் நாற்காலிக்கு யாரோ புது ஆள் வருவாரே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்கு என்ன தெரியும்? ஊர் பாடு திண்டாட்டம் அல்லவா? விரல் தானாக மேல் வரிசைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை வேலைக்குப் போனாள். உறுப்பினர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு கண்டுபிடிச்சியா?"

"இதுவரைக்கும் பதினாலு பேர் சொல்லியிருக்காங்கய்யா."

"நான் போட்டதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

"இந்த ஆபீஸ்ல யார் வேலை பார்க்கிறாங்கன்னு எனக்கு ஒருத்தனுக்குத்தானே தெரியும்," என்றார். "சரி, நீ யாருக்குப் போட்டே?"

"உங்களுக்குத்தாங்கய்யா."

உறுப்பினர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தப்புப் பண்ணிட்டியேம்மா," என்று சொல்லிவிட்டு, ஏழாவது முறையாகப் பதவியேற்கக் கிளம்பினார்.