பித்தளைக் கீயும் பாண்டிமீனாவின் வண்டியும்

அச்சங்குளம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் பாண்டிமீனாவுக்கு, அப்பா உக்கிரபாண்டி மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா வெள்ளைத்தாயும் நலம். நீ விட்டுப்போன பந்தய மோட்டார் சைக்கிளுக்குத்தான் உடம்பு சரியில்லை. போனில் பேசினால் உனக்குக் கோபம் வருகிறது, எனக்கு இருமல் வருகிறது, ஆகவே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் மண் பந்தயம், அதற்குள் வண்டியைச் சரிபார்த்து அனுப்புங்கள் என்றாய். நானும் உதைத்துப் பார்த்தேன். டப்பென்று வெடித்து, கிக்கர் என் காலைத் திருப்பி உதைத்தது. முப்பத்தெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து வாங்காத அடியை வீட்டு வாசலில் வாங்கினேன். சாத்தூர் மெக்கானிக் நாகையா வந்து, புல்லர் போட்டு இஞ்சினின் பிளைவீல் சக்கரத்தை இழுத்துக் கழற்றினார். அந்தச் சக்கரத்தையும் அது மாட்டியிருக்கும் தண்டையும் பிணைத்து வைக்க அரைவட்டமாக ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டாம், கீ என்றார். அது அறுந்து, பிளைவீல் நகர்ந்து, பொறி நேரம் தப்பி வருகிறதாம். புதுசு வாங்க அவர் சாத்தூர் போனார். அவர் வரும்வரை நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இரும்போடு இரும்பு உரசக் கூடாது, சுத்தியல்கூடப் பித்தளைதான் என்று கம்பெனியில் பழகிய கை. பழைய பித்தளைத் தாழ்ப்பாளை அறுத்து, அரம் போட்டு, அழகாக ஒரு கீ செய்து மாட்டிவிட்டேன். மூன்றாவது உதையில் அதுவும் அறுந்தது, மறுபடி காலில் அடி. நாகையா திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, அம்புட்டு வருசமும் பொறி வந்துரக் கூடாதுன்னு பாத்தீக. இங்கன பொறி வந்தாத்தான் வண்டியே ஓடும். பித்தளை தாங்குமா?" என்றார்.

அசல் கீ சாத்தூரிலும் இல்லை, மதுரையிலும் இல்லையாம். ஆகவே வண்டி வராது, பந்தயத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது தாயி. கம்பெனியில் ஒரே ஒரு பொறிக்கு எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நீ மேட்டில் ஏறிப் பறக்கிற வீடியோவை இதுவரை முழுசாகப் பார்த்ததில்லை; வண்டி தரையை விட்டதும் கண்ணை மூடிக்கொள்வேன். "எறங்கிட்டா, கண்ணத் தொறங்க" என்று உன் அம்மா சொன்ன பிறகுதான் திறப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நம் குலசாமி கூடவே நின்று உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா உக்கிரபாண்டி

பி.கு.: இதை எழுதி மடித்த பிறகு, உன் அம்மா என் சட்டையைத் துவைக்க எடுத்து, பையிலிருந்து புதுக் கீயைக் கண்டெடுத்தாள். நாகையா செவ்வாய்க்கிழமையே வாங்கிவந்து கொடுத்ததுதான். "ஒங்க மக இரவல் வண்டி வாங்கியாச்சும் ஓட்டுவா. ஊரான் வண்டிய நம்புறதுக்கு, நீங்க பாத்துக் குடுத்த வண்டியில போகட்டும்" என்றாள். நாகையாவைக் கூப்பிட்டு மாட்டினோம். ஒரே உதையில் கிளம்பியது. நான் கம்பெனிப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இருபதடி தள்ளி நின்று கேட்டேன். நல்ல சத்தம். வண்டி நாளை லாரியில் வருகிறது. இந்தக் கடிதத்தை அதன் ஹேண்டில்பாரில்தான் கட்டிவிடுகிறேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, பயம் அப்படியேதான் இருக்கிறது. உள்ளே நைலான் போடாதே, உரசினால் அதிலும் பொறி வரும், பருத்தி பனியன் போடு. பிளைவீல் நட்டை என் கையால்தான் முறுக்கினேன், அது கழலாது. நீ விழுந்துவிடாதே.